ரயில் பாட்டுக்குப் பிறகு

ராயபுரம், திருப்பூர்
9.6.2024, ஞாயிறு

இயேசு மரி சூசை

அன்புள்ள பிரின்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்து வலி மட்டும் உண்டு, அதுவும் மிஷினை விட்டு எழுந்தால் போய்விடுகிறது. உனக்கு அந்த மலையடிவாரக் குளிர் ஒத்துக்கொண்டதா? சளி பிடித்தால் யாரிடமாவது சொல். நீ சின்ன வயதிலிருந்தே சொல்லாமல் இருந்து காய்ச்சல் வரவழைப்பவள்.

நீ மடத்துக்குள் போய் இரண்டரை வருடம் ஆகிறது. செக்கிங் டேபிளில் உன் இடத்துக்கு இதுவரை ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். நான் அதே ஓவர்லாக் மிஷினில்தான்.

போன ஞாயிறு நம் 'வசுமதி நேயர் வட்டம்' கூடியது. சாமியப்பன் அண்ணனின் கட்டிங் யூனிட்டில், துணிக்கட்டுகளுக்கு நடுவில். வந்தது நான்கு பேர். நான், அவர், அபிராமி, அவளுக்குத் துணையாக வந்த அவள் அம்மா. அம்மாவைக் கழித்தால் மூன்று.

"ஏனுங்க சகாயம், ரயில் பாட்டு வந்தப்ப நம்ம குரூப்புல மூவாயிரம் பேருங்க. இப்ப இருவத்திமூணு. அதுலயும் பாதிப்பேரு குட்மார்னிங் போடறவங்கதானுங்க" என்றார் அண்ணன்.

உனக்கு நினைவிருக்குமே. அந்த வருடம் எந்தக் கல்யாண மண்டபத்தில் நுழைந்தாலும் ரயில் பாட்டுதான். ஆயுத பூஜைக்கு நம் கம்பெனியில் ஒரே நாளில் ஒன்பது தடவை போட்டார்கள். வசுமதி அம்மா அதற்கு முன்னால் சினிமாவில் பதினாறு பாட்டுப் பாடியிருக்கிறார் என்று சொன்னால், "அப்படியா" என்று கேட்டுவிட்டு மறுபடி ரயில் பாட்டையே வைப்பார்கள். நமக்கு அவர் அப்படியா? அம்மா இறந்த வருடம் நீ தூங்காமல் கிடந்தபோது, அவருடைய பாட்டைப் போட்டுத்தானே உன்னைத் தூங்க வைத்தேன்.

அவரைத் திருப்பூருக்கே கூட்டிவந்து பாட வைக்கலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தில் சொன்னேன். மற்ற மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். அபிராமியின் அம்மாவும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மதருக்கு என் வணக்கம்.

உன் அக்கா,
சகாயராணி


30.6.2024

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

பிரின்சி எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். சளி இல்லை. நீ கழுத்து வலிக்கு மாத்திரை வாங்கிப் போடாதே, வெந்நீர் ஒத்தடம் கொடு.

மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம் எழுதலாம். அதனால் எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டேன். கண்ணாடி போட்டுப் படி.

எனக்கு இப்போது தோட்ட வேலை. பீன்ஸுக்குக் குச்சி நடுகிறேன். மழை பெய்தால் அப்பம் சுடும் அறையில் வேலை. பங்குக் கோயில்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் நற்கருணை அப்பம் போகிறது. உடைந்தது, ஓரம் கருகியது எல்லாம் பிரித்தெடுப்பது நான். செக்கிங் விட்டு வந்தும் செக்கிங்தான்.

முதல் வருடம் மணி அடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பேன். இப்போது மணி அடித்த பிறகு எழுகிறேன்.

வசுமதி அம்மா வந்தால் நான் கேட்டதாகச் சொல். என்ன புடவை கட்டியிருந்தார் என்று எழுது.

உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்ளும்,
பிரின்சி


ராயபுரம்
21.7.2024

இயேசு மரி சூசை

அன்புள்ள பிரின்சிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், கழுத்து தேவலை. நீ நடும் பீன்ஸ் எத்தனை அடி வளர்ந்திருக்கிறது?

புடவை கேட்டாய். நைட்டி போட்டிருந்தார், மேலே ஒரு துண்டு.

நேற்று நானும் சாமியப்பன் அண்ணனும் கோயம்புத்தூர் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். அண்ணன் கையில் பழனிப் பஞ்சாமிர்த டப்பா. கதவைத் திறந்தது அவரேதான். எங்களைச் சிலிண்டர்காரர்கள் என்று நினைத்து, "கேஸ் புக் பண்ணலையே" என்றார். பிரின்சி, அந்த 'பண்ணலையே'யில்கூட அந்த இழுப்பு இருந்தது.

விஷயத்தைச் சொன்னோம். உட்காரச் சொன்னார். "ரயில் பாட்டு பாடணும், அதானே?" என்றார்.

"அது இல்லாட்டியும் பரவால்லம்மா. அதுக்கு முன்னாடி பதினாறு, பின்னாடி ரெண்டு இருக்குல்ல. எங்களுக்கு அது போதும்" என்றேன்.

"பதினாறா? நானே எண்ணுனதில்ல." பஞ்சாமிர்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை பேர் வருவாங்க?"

"ஐநூறுக்குக் கொறையாதுங்க" என்றார் அண்ணன். பொய் சொல்லிப் பழகாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டது.

மேடையில் பாடி நான்கு வருடம் ஆகிறதாம். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "பொங்கலுக்கு அப்புறம் வச்சுக்கங்க. எந்த ஞாயித்துக்கிழமைன்னாலும் சரி, எனக்கு என்ன வேலை" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார். நானும் கவனிக்கவில்லை.

நீ உடன் இருந்திருக்க வேண்டும். வேறென்ன எழுத.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் நான் எழுதவில்லை. தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், நேரம் முடிந்துவிட்டது.

ஒரு செய்தி. எனக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்கலாம் என்று சபையில் முடிவு செய்திருக்கிறார்கள். பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிப் பூசையில். மூன்று வருடத்துக்கான வாக்கு அது. வீட்டார் வரலாம். எனக்கு வீட்டார் என்றால் நீதான்.

நீ கொஞ்சம் முன்னதாகவே வர முடியுமா? பூசைக்கு முன்னால், பார்வையாளர் கூடத்தில், பத்து நிமிடம் உன்னோடு தனியாகப் பேச மதரிடம் கேட்டேன். சரி என்றார்கள்.

பீன்ஸ் காய்த்து முடிந்து, கொடியைப் பிடுங்கியாயிற்று.

அன்புடன்,
பிரின்சி


ராயபுரம்
29.9.2024

இயேசு மரி சூசை

அன்புள்ள பிரின்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று அவசரம், தினமும் ஒன்றரை ஷிப்ட். நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நல்ல செய்தி சொல்லியிருக்கிறாய். அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இங்கே ஒரு சங்கடம். வசுமதி அம்மாவின் கச்சேரியும் அதே பிப்ரவரி 2 அன்று விழுந்துவிட்டது. அவருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிகிறதாம். மண்டபமும் அன்றுதான் கிடைத்தது. சாயங்காலம் என்றாலும் காலையிலிருந்து நான் இல்லாமல் எதுவும் நடக்காது. மற்றவர்களை உனக்குத் தெரியும். மாற்ற முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

மனசு கஷ்டப்படாதே. உன் மதர் புரிந்துகொள்வார்கள்.

பொன்னாத்தாள் அக்கா, நம் வீட்டுக்காரம்மா, உன்னைக் கேட்டார். "கண்ணு எப்ப ஊட்டுக்கு வருமுங்க" என்றார். வரும் என்றேன்.

அக்கா


27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம்தானே? ஒன்றரை ஷிப்ட் பார்க்காதே.

உன் கஷ்டம் புரிகிறது. கச்சேரி நன்றாக நடக்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் எட்டரைக்கு இங்கே இருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் பேசிவிட்டு, பூசைக்குக்கூட நிற்காமல் நீ அடுத்த பஸ்ஸில் போய்விடலாம். மத்தியானத்துக்குள் திருப்பூர். முடியுமா என்று பார். எட்டரைக்கு நான் கூடத்தில் இருப்பேன்.

நவம்பரிலும், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் கடிதம் எழுத மாட்டோம். ஜனவரியில் தியானம் தொடங்கிவிடும். அதனால் இனி என் கடிதம் வராது. நீ எழுதினால் கொடுப்பார்கள்.

பிரின்சி


ராயபுரம்
12.1.2025

இயேசு மரி சூசை

அன்புள்ள பிரின்சிக்கு,

கிறிஸ்துமஸ் நன்றாகக் கழிந்ததா? அங்கே கேக் உண்டா? இங்கே நான் எதுவும் செய்யவில்லை, சாமியப்பன் அண்ணன் வீட்டிலிருந்து கச்சாயப் பலகாரம் வந்தது.

கச்சேரி வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அபிராமி நோட்டீஸ் கொண்டுபோய் நம் கம்பெனி வாசலில் நின்றாள். வாங்கியவர்கள் எல்லாம், "ரயில் பாட்டு உண்டுல்ல?" என்றுதான் கேட்டார்களாம். பெருமாநல்லூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டியாயிற்று. இருநூறு நாற்காலி சொல்லியிருக்கிறேன். கீபோர்டுக்காரரும் தபலாக்காரரும் ஈரோட்டிலிருந்து வருகிறார்கள். எனக்கும் ஒரு புடவை எடுத்தேன், மஞ்சள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக ஜெபி.

அக்கா


ராயபுரம்
9.2.2025

இயேசு மரி சூசை

அன்புள்ள பிரின்சிக்கு,

எப்படி இருக்கிறாய்? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

கச்சேரி முடிந்தது. எழுபது பேர் போல வந்தார்கள். பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள், மற்றவர்கள் கம்பெனி ஆட்கள். வசுமதி அம்மா பச்சைப் பட்டுக் கட்டியிருந்தார். முதல் பாட்டு பாடும்போதே பின்னாலிருந்து, "ரயில் பாட்டு, ரயில் பாட்டு" என்று குரல். இரண்டாவது பாட்டும் பாடினார். மூன்றாவதாக, சரி, அதையே பாடிவிடுகிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். எல்லாக் கையிலும் போன் எழுந்தது. பாடியவரை யாரும் நேரில் பார்க்கவில்லை, போனில்தான் பார்த்தார்கள். முடிந்ததும் நல்ல கைதட்டல். பிறகு கடைசி ஸ்டாப்பிங் வந்த பஸ்ஸைப் போல மண்டபம் காலியாகிவிட்டது.

மீதி இருந்தது பதினோரு பேர். அவர் வாத்தியக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். நாம் எப்போதும் கேட்போமே, படத்தில் பாதியை வெட்டிவிட்ட அந்தத் தாலாட்டு, அதை வாத்தியமில்லாமல் பாடினார். மேலே போகும்போது குரல் உடைந்துவிட்டது. நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி முதலிலிருந்து பாடினார். சாமியப்பன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காரில் ஏறும்போது என்னைக் கேட்டார், "எல்லாரும் போயிட்டாங்க. நீங்க மட்டும் ஏம்மா இன்னும் கேட்டுட்டு இருக்கீங்க?"

"பழகிப்போச்சும்மா" என்றேன். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அங்கே எல்லாம் நல்லபடியாக நடந்ததா?

அக்கா


27.4.2025

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம்

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை சரியாகியிருக்கும். தவக்காலத்தில் எழுதக்கூடாது என்பது உனக்குத் தெரியும். எழுதலாம் என்றிருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அன்று காலை எட்டரைக்குக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் உனக்கு ஒரு நாற்காலி. ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது. ஒன்பதரைக்கு மதர் வந்தார்கள்.

"அக்கா வரலியாம்மா?"

"வரலை மதர்."

"உனக்கு இன்னிக்கு வேணாம்னா வேணாம். யாரும் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நான் சாமியார்ட்ட சொல்லிக்கிறேன்" என்றார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அக்கா, அந்தப் பத்து நிமிடம் எதற்குக் கேட்டேன் என்றால், உன்னோடு வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்கத்தான். இங்கே வரும்போது இருந்த ஆசை ஒரு வருடத்திலேயே குறைய ஆரம்பித்துவிட்டது. ஜெபம் வாயில் இருக்கும், மனசு கம்பெனி கேன்டீனில் இருக்கும். நீ வந்து, "கிளம்புடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னோடு பஸ் ஏறியிருப்பேன்.

நீ வரவில்லை. நான் எழுந்து உள்ளே போய் வாக்குக் கொடுத்தேன். உன்மேல் கோபத்தில் போனேன் என்று நினைப்பாய். கோபம் இருந்தது. ஆனால் கோபத்துக்காக யாரும் அப்படி முழங்காலில் நிற்க முடியாது. எனக்குள் ஒரு ஆசையும் இல்லை, பயமும் இல்லை, இருந்தாலும் கால் உள்ளேதான் போனது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பொங்கலுக்குப் பிறகு எந்த ஞாயிறென்றாலும் சரி என்று வசுமதி அம்மா சொன்னதாக நீதான் ஜூலையில் எழுதினாய். உன் கடிதங்களை நான் தூக்கிப்போடுவதில்லை.

ஏன் இன்னும் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு நீ சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்காவது சொல்.

பிரின்சி


ராயபுரம்
4.5.2025

பிரின்சி,

சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

நாளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மண்டபத்துக்காரர் நான்கு ஞாயிறு காலியாக இருக்கிறது என்று சொன்னார். பிப்ரவரி 2 என்று எழுதச் சொன்னேன். சாமியப்பன் அண்ணன், "அன்னிக்குத் தங்கச்சிக்கு விசேசம்னு சொன்னீங்களே" என்றார். அவள் கோபப்பட மாட்டாள் என்றேன்.

ரயில் பாட்டுக்கு வந்த கூட்டம் எவ்வளவு நாள் இருந்தது என்று பார்த்தவள் நான். மூவாயிரம் பேர், ஒரு வருடம், இரண்டு வருடம், பிறகு குரூப்பில் ஒவ்வொருத்தராக 'வெளியேறினார்' என்று வரும். நீ மடத்துக்குப் போகிறேன் என்றபோது நான் ஏன் சண்டை போடவில்லை தெரியுமா? இதுவும் அப்படித்தான், ஆசை தீர்ந்ததும் வந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். வார்த்தைப்பாடு என்று நீ எழுதியதும் கை கால் ஓடவில்லை. கண்ணால் பார்த்தால் உண்மையாகிவிடும் என்று ஒளிந்துகொண்டேன். நீ என்னைக் கூப்பிட்டது எதற்கென்று எனக்குத் தோன்றவேயில்லை. இரண்டு தடவை கேட்டிருந்தாய். இரண்டு கடிதத்தையும் இப்போது எடுத்துப் படித்தேன்.

நீ கேட்ட பதில். நீ போன நாளிலிருந்து வசுமதி அம்மாவின் பாட்டு ஒன்றைக்கூட வீட்டில் நான் முழுதாகக் கேட்டதில்லை. இரண்டு வரி போனதும் அணைத்துவிடுவேன். அந்த அறையில் கேட்க முடியவில்லை. வட்டத்தை விடாமல் நடத்தியதற்குக் காரணம், உனக்கு எழுத ஏதாவது வேண்டுமே. கம்பெனியைப் பற்றி எத்தனை மாதம் எழுதுவது? அவர் கேட்டபோது இதை எப்படிச் சொல்வேன்? ஆனால் அன்று குரல் உடைந்து, மறுபடி கீழே இறக்கி எடுத்தாரே, அப்போது மட்டும் எல்லாம் மறந்து கேட்டேன். அதையாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போய்ச் சொல்லப்போகிறேன்.

நீ இப்போதும் வர நினைத்தால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மனசில் இப்போது என்ன இருக்கிறது?

அக்கா


25.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். நீயும் சுகமாக இரு. கோயம்புத்தூர் போனதை எழுது.

உன் கடிதத்தைத் தோட்டத்தில் வைத்துப் படித்தேன். அழுதேன். பிறகு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மனசில் என்ன என்று கேட்டாய். சில நாள் ஆசை இருக்கிறது. இல்லாத நாள்தான் அதிகம். அந்த நாளிலும் எழுந்து போகிறேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இப்போதைக்கு இதை விட்டுவிட்டு வர மனசில்லை. பிப்ரவரியில் நீ வந்திருந்தால் வந்திருப்பேன். இப்போது வர மாட்டேன். இரண்டும் நிஜம். நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே.

ஜூன் 15, ஞாயிறு, பார்வையாளர் நாள். வா. என்னைக் கூட்டிப் போக அல்ல, பார்க்க.

பிரின்சி


ராயபுரம்
17.6.2025

இயேசு மரி சூசை

அன்புள்ள பிரின்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த அப்பத்துண்டுகளைப் பொன்னாத்தாள் அக்காவுக்கும் கொடுத்தேன். சாமி பிரசாதமா என்று கேட்டு, ஓரம் வெட்டியது என்றதும் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார். உன் கை காய்த்துப்போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவு.

கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்ததும் நான் யோசித்து வந்தது எல்லாம் மறந்துவிட்டது. வசுமதி அம்மாவிடம் சொன்னதைக்கூட உன்னிடம் பாதிதான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துவந்தார். இரண்டு மணி நேரம் இருந்தேன். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் மாமியாரின் சர்க்கரையைப் பற்றித்தான் பேசினோம்.

நீ மணி அடித்து உள்ளே போன பிறகு நான் உடனே கிளம்பவில்லை. அது உனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பீடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. பிறகு நானும், வாசலைப் பார்த்துக்கொள்ளும் மருதாளும் மட்டும்தான். மறைப்புக்குப் பின்னால் நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள்.

நான் மருதாளிடம், "இதுல என் தங்கச்சி எது?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுக்கா. பதினாலு பேரும் ஒரே குரலாத்தான் கேக்கும். நான் ஒம்பது வருசமா கேக்குறேன்" என்றாள்.

பிரின்சி, வசுமதி அம்மா மூச்சு இழுப்பதை வைத்தே எந்தப் பாட்டு என்று சொல்கிறவள் நான். உன்னை வளர்த்தவள். எனக்கு உன் குரல் எது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், முன்னால் போய் நின்று கேட்டேன். தெரியவில்லை. பஸ் போய்விட்டது. முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதாகப் பாடிய சங்கீத ஜெபத்தில் ஒருவர் மட்டும் ஒரு நொடி பிந்தி ஆரம்பித்தார். அது நீதானா? எழுது. இல்லை, எழுத வேண்டாம். அடுத்த மாதம் பார்வையாளர் நாள் இல்லை என்று மருதாள் சொன்னாள். பரவாயில்லை, நீ கூடத்துக்கு வர வேண்டியதில்லை. கோயில் எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது. நான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா,
சகாயராணி